கசிவு நிலத்துக் கண்டிச்சீமை மரம்

மருதாயி யாரோடு நின்று பேசினாலும் அவளுடைய வலதுகால் பெருவிரல் சும்மா இருக்காது. நின்ற இடத்து மண்ணை மெல்லக் கிளறும். மேல்மண் விலகியதும் விரல்நுனி ஒரு கணம் உள்ளே அழுந்தி நிற்கும். குடுமியான்மலைக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூருக்கு அவள் வாழவந்த நாளிலிருந்து எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். வந்த புதிதில், "கண்டிச்சீமையில வளந்தவன்னாலும் வெக்கம் விட்டுப் போகல பாரு" என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் பெண் காலால் கோடு கிழிப்பாளே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டார்கள். மருதாயிக்கும் வெட்கத்துக்கும் வெகுதூரம் என்பது அவர்களுக்கு விளங்கக் கொஞ்சகாலம் ஆயிற்று. மண்ணுக்குள் ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றுதான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது கண்டிச்சீமை என்று அவர்கள் சொல்லும் இலங்கையில், இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வந்த பழக்கம். இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கப்போன தாய் தகப்பனோடு மருதாயி சின்னப் பிள்ளையாகக் கடல் கடந்தவள். கை கொஞ்சம் நீண்டதும் அவளை நாற்றுமேடை வேலைக்கு விட்டார்கள். தலையில் மண்கூடை இருக்கும்போது குனிந்து ஈரம் பார்க்க முடியாது. கால்விரலால் பார்த்தாள்.

ரப்பர் விதை நம் ஊர் விதைகளைப் போல இல்லை. மரத்திலிருந்து விழுந்த ஈரம் ஆறுமுன் மண்ணுக்குள் போய்விட வேண்டும். கொஞ்சநாள் வைத்திருக்க வேண்டுமென்றால் நனைந்த கரித்தூளில் புதைத்து வைப்பார்கள். வெயிலில் கிடந்தால் உள்ளே பருப்பு சுருங்கிவிடும். காதருகே வைத்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் அந்த விதை செத்தது என்று அர்த்தம். மருதாயி எழுத்துப் படித்தவளில்லை. இதைப் படித்தவள்.

நாற்றுமேடைக்கு மேலே சரிவில் ஒரு துண்டுக் காடு மிச்சமிருந்தது. ரப்பர் வைக்க வைக்கக் காடு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. மேடைக்கு நிழல் வேண்டுமென்று அந்தச் சரிவில் நின்ற சில மரங்களை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். அவற்றில் இரண்டு ஒரே சாதி. ஒன்று பூக்கும், காய்க்காது. மற்றது காய்க்கும், ஆனால் அதன் பூவுக்கு மணம் போதாது. பூக்கிற மரத்தின் பூ மிளகைவிடச் சிறியது. மஞ்சள் நிறத்தில் நெருங்கி உருண்டு, கிளையெங்கும் சின்னச் சின்னப் பந்தாகத் தொங்கும். அது பூத்துவிட்டால் சரிவுக்குக் கீழே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் சமையல் வாசனைகூடத் தெரியாது. வெற்றிலை விற்கவரும் சிங்களத்து அம்மாள் அந்தப் பூவைப் பொறுக்கித் துணிப்பெட்டிக்குள் போட்டு வைப்பாள். அவள் சொன்ன பெயர் மருதாயியின் வாயில் நிற்கவில்லை. பந்துப்பூ என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். அந்த மலையிலேயே அந்த மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. காடு வெட்டுகிறவர்கள் அதைத் தனியாகப் பார்த்து விட்டுவைப்பதில்லை. எல்லாவற்றோடும் சேர்த்து அதுவும் போனது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. மரத்தில் பால் வெட்ட வேண்டாம் என்றார்கள். குடும்பம் குடும்பமாக ஆட்களை ஊருக்கு அனுப்பினார்கள். மருதாயிக்கு அப்போது கல்யாணமாகிக் கையில் செவந்தி இருந்தாள். புருஷன் கண்ணுசாமி பொதுவாக யாரையும் எதிர்த்துப் பேசாதவன். ஆனால் புறப்படுகிற அன்று அவள் ஒரு பிஸ்கட் தகரத்தில் நனைந்த கரியை அடைப்பதைப் பார்த்து அவனுக்கும் பொறுக்கவில்லை.

"எல்லாரும் குடையும் கம்பளியுமாக் கட்டுறாங்க. நீ கரியக் கட்டுற. எங்க ஊர்ல அடுப்பு எரியலைன்னு யாரும் சொன்னாங்களா?"

"கரிக்குள்ள வெதை இருக்கு. பந்துப்பூ வெதை. இதுவும் ரப்பர் வெதை மாதிரி, காயக்கூடாது."

"அந்த மரம் அங்கிட்டு மொளைக்குமா? மழையே இல்லாத சீமை."

"மழை இல்லாட்டி என்ன, நான் இருக்கேன்ல. பெட்டியத் தூக்குங்க."

கப்பலிலும் ரயிலிலும் மடியில் பிள்ளையும் கையில் தகரமுமாக வந்து புதுக்கோட்டையில் இறங்கினாள்.

ஊரில் கண்ணுசாமியின் அண்ணன் வெள்ளைச்சாமி இருந்தார். தகப்பன் விட்டுப்போன நிலத்தை அவர்தான் உழுதுகொண்டிருந்தார். அவர் மனைவி சொர்ணவல்லி வந்தவர்களுக்குக் குறை வைக்கவில்லை. வெந்நீர் போட்டாள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தாள், தூங்க நல்ல பாய் கொடுத்தாள். சொர்ணவல்லிக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. யார் வீட்டு விதை முளைக்காவிட்டாலும் அவள் வீட்டு விதை முளைக்கும். சுரை, பீர்க்கு, அவரை எதுவானாலும் சாம்பலில் புரட்டி, நல்ல வெயிலில் காயவைத்து, கலயத்தில் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள். விதைப்புக் காலத்தில் தெருவே அவள் வாசலில் நிற்கும்.

இலுப்பூரில் இருந்த சித்தியைப் பார்த்துவர மருதாயி பிள்ளையோடு போனாள். திரும்பி வந்தபோது சொர்ணவல்லி முகமெல்லாம் சிரிப்பாக அவளைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள்.

"ஒன் தகரத்தத் தொறந்து பாத்தேன் மருதாயி. உள்ள ஒரே நசநசப்பு. வெதையக் கொண்டுபோய்க் கரியில போட்டு அழுக விடுவாங்களா? அங்கிட்டு ஒனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்க ஆளு இல்ல போல. எல்லாத்தையும் கழுவிச் சாம்பல்ல பெரட்டி ஓட்டுமேல போட்டிருக்கேன். நல்லாக் காஞ்சிருச்சு. இனி எத்தன வருஷமானாலும் கெடாது."

மருதாயி ஏணியில் ஏறி ஒரு விதையை எடுத்துக் காதருகே ஆட்டினாள். கடகடவென்றது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. முறத்தில் வாரிக்கொண்டு இறங்கினாள்.

"அக்கா, இது செத்துப்போச்சு."

"வெதை சாகுமாடி? நெல்லு சாகுதா, கம்பு சாகுதா?"

"இது சாகும்க்கா."

"காயவச்சாச் சாகுற வெதைய நான் கேள்விப்பட்டதில்ல. தண்ணியில ஊறவச்சுக் கறிக்கா போடுவ?"

சொர்ணவல்லி கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அது மருதாயிக்கும் தெரியும். அதனாலேயே கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. காய்ந்த விதைகளை ஊன்றித் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடக் கிளம்பவில்லை. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "அந்தக் கரிய எங்கக்கா கொட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"வேற எங்க, வாழையடியிலதான்."

குளித்த தண்ணீர் ஓடிப்போய்த் தேங்கும் வாழைப்புதர் அது. மருதாயி உட்கார்ந்து கரியைப் பிடிபிடியாக அள்ளிச் சலித்தாள். கழுவும்போது கைக்குத் தப்பிய ஒரே ஒரு விதை அதில் கிடந்தது. அது வெடித்து, வெள்ளையாக ஒரு வேரை மண்ணுக்குள் இறக்கியிருந்தது. அதை மண்ணோடு தோண்டி உடைந்த பானையில் வைத்தாள்.

சொர்ணவல்லிக்கு அது அவமானமாகப் போயிற்று. தன் கைபட்ட விதை முளைக்கவில்லை, குப்பையில் விழுந்தது முளைத்தது என்றால் அவள் பெயர் என்ன ஆவது? ஊர் முந்திக்கொள்வதற்குள் அவளே கிணற்றடியில் கதையை ஆரம்பித்துவிட்டாள். "எங்க ஓரகத்தி கண்டிச்சீமையிலேருந்து தகரம் நெறைய வெதை கொண்டாந்தா. வந்ததே அழுகலு. நான் சாம்பல் பெரட்டிக் காப்பாத்தப் பாத்தேன். முடியல. அங்கிட்டு வெதை வைக்கத் தெரியாது போல." வருஷக்கணக்காக இதைச் சொன்னாள். புதிதாக வாழவரும் பெண்களுக்கும் சொன்னாள். மருதாயி குடத்தோடு வருவதைப் பார்த்தால் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மருதாயி ஒருநாளும் மறுக்கவில்லை. "ஆமாக்கா, எனக்குக் காயவைக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் இறைப்பாள்.

ஒரு கூரைக்குக் கீழ் இரண்டு அடுப்பு எரியத் தொடங்கியதும் வெள்ளைச்சாமி தம்பிக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டியதாயிற்று. கண்மாய்க்கரைக்கு அடியில் நீர் கசிந்து எந்நேரமும் சொதசொதவென்று கிடக்கும் ஒரு துண்டைக் காட்டினார். போட்ட விதை அழுகும், இறங்கிய மாடு புதையும். வேறு யாரும் கேட்காத நிலம். ஊர்த் தலைவர் பிச்சைமுத்து அம்பலம் முன்னால் வாய்ச்சொல்லாகக் கொடுத்தார். எழுத்து ஒன்றும் கிடையாது.

கண்ணுசாமி தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். மருதாயி நிலத்துக்குள் இறங்கி நின்றாள். விரல் முழுசாக உள்ளே போயிற்று.

"ஏங்க, பெரியத்தான் தெரியாமக் குடுத்திட்டாரு. யார்ட்டயும் சொல்லிக்கிறாதீங்க" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால் வெட்டித் தேங்கின நீரை ஓடவிட்டார்கள். மேட்டில் குடிசை போட்டார்கள். வாழை வைத்தார்கள், சேம்பு வைத்தார்கள். வாழை நிழலில் உடைந்த பானையோடு அந்தக் கன்றை இறக்கினாள். கத்திரி வெயில் அதைப் பாடாய்ப்படுத்தியது. ஒவ்வொரு சித்திரையிலும் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருளும். பனையோலையை முடைந்து மேற்குப்பக்கம் தடுப்பு வைப்பாள். சாக்கை நனைத்துத் தண்டில் சுற்றிவிடுவாள். ஐப்பசி மழைக்கு மறுபடி துளிர்க்கும். ஆள் உயரம் வருவதற்கு வருஷங்கள் ஆயின. அதன் வேர் கீழே கசிவைத் தொட்ட பிறகு ஒரே ஓட்டமாக ஓடி வாழைக்கு மேலே போயிற்று. ஊரில் எல்லோரும் அதைக் கண்டிச்சீமை மரம் என்றார்கள். பூக்காத மரத்துக்கு இத்தனை சீராட்டா என்று கேட்டவர்களுக்கு, "பூக்கும். அதுக்கு அவசரமில்ல, எனக்கும் இல்ல" என்றாள்.

ஒரு வருஷம் மழை முற்றிலும் பொய்த்தது. கண்மாய் பாளம்பாளமாக வெடித்தது. கரைக்கு அடியில் மருதாயியின் துண்டு மட்டும் பச்சையாக இருந்தது. வாழைத்தண்டும் கீரையும் கேட்டு வந்த பெண்களை அவள் வெறுங்கையோடு அனுப்பவில்லை. வெள்ளைச்சாமி கரைமேல் நின்று அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

யுத்தகாலத்தில், அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த சமயத்தில், கண்ணுசாமி காய்ச்சலில் விழுந்து இறந்துபோனான். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போனதும் வெள்ளைச்சாமி வந்தார்.

"மருதாயி, பொம்பளப்புள்ளைய வச்சுக்கிட்டு இனி கரையோரத்துல தனியா எதுக்கு? நம்ம வீட்டுக் கொல்லையில ஒரு அறை ஒதுக்கித் தாரேன். எம்மூத்த மகனுக்குக் கல்யாணமாயிருச்சு. அந்தத் துண்ட அவன் பாத்துக்கிறட்டும்."

"நீங்க குடுத்த எடந்தானே பெரியத்தான்?"

"தம்பிக்குக் குடுத்தேன். தம்பி இல்ல. ஆம்பளப்புள்ளையும் இல்ல."

மருதாயிக்கு அந்தக் கொல்லை அறை கண்முன்னால் தெரிந்தது. இன்னொருத்தி அளந்து போடுகிற சோறு. செவந்திக்கு இன்னொருவர் பார்த்துக் கட்டிவைக்கிற மாப்பிள்ளை. அந்தத் துண்டு போனால் அவளுக்கும் மகளுக்கும் வாழ்நாள் முழுக்க அதுதான்.

"நான் வரல பெரியத்தான். அம்பலத்துக்கிட்ட வழக்கு வைங்க" என்றாள்.

வழக்கு வைத்தார். அந்தக் கண்மாய்க்கரையோரத்து நிலங்களுக்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாய்ச்சொல்லில் கொடுத்த இடத்துக்குத் தகராறு வந்தால், அங்கே நிற்கும் பெரிய மரத்தை யார் வைத்தது என்று பார்ப்பார்கள். மரத்தை வைத்து ஆளாக்கியவர் கைக்கே இடம். வாழை, கீரையெல்லாம் கணக்கில் வராது. வெள்ளைச்சாமிக்கு இது தெரியும். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் அவர் பல வருஷங்களாக அந்தத் துண்டுக்குள் காலெடுத்து வைத்தவரில்லை. கரைமேலிருந்து பார்த்தால் புன்னை இலை போலத் தடித்துப் பளபளக்கும் இலைதான் தெரியும்.

தை கழிந்து மாசி பிறந்திருந்தது. பிச்சைமுத்து அம்பலம் வழக்கை அங்கேயே வைத்துக்கொண்டார். ஆண்கள் கரைச்சரிவில் உட்கார்ந்தார்கள். பெண்கள் வாழை ஓரமாக நின்றார்கள். சொர்ணவல்லியும் நின்றாள். அந்த வருஷந்தான் மரம் முதல்முறையாகப் பூத்திருந்தது. என்ன வாசனை என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

"இந்த மரம் யார் வச்சது?" என்று அம்பலம் ஆரம்பித்தார்.

"எங்கப்பன் வச்ச புன்னைங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கையில வச்சது" என்றார் வெள்ளைச்சாமி.

அம்பலம் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு பூங்கொத்தை ஒடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "புன்னைப் பூ வெள்ளையால்ல இருக்கும்? இது மஞ்சளாப் பந்து பந்தாத் தொங்குதேப்பா."

"அது... ஊத்துத் தண்ணிக்கு அப்படி ஆயிருக்கும்."

சரிவில் யாரோ சிரித்தார். "அப்ப ஊத்துத் தண்ணி குடிச்ச ஒங்க காளை கழுதையாயிருச்சா மாமா?"

அம்பலம் கையமர்த்தினார். "நீ சொல்லு மருதாயி."

மருதாயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "ஐயா, இது கண்டிச்சீமைக் காட்டு மரம். நான் தகரத்துல கொண்டாந்த வெதை. புன்னையோ பூவரசோ இருந்தா யாரும் யாரு பேரையும் சொல்லலாம். இங்கிட்டுக் குடுமியாமலையிலேருந்து அங்கிட்டுப் பொன்னமராவதி வரைக்கும் இது மாதிரி இன்னொரு மரம் யாராச்சும் காட்டட்டும். நானும் எம்மகளும் இப்பவே சட்டிபானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிர்றோம்."

அம்பலம் சுற்றிலும் பார்த்தார். ஆடு மேய்த்துக் காடுகாடாக அலைந்தவர்களும், விறகு வெட்டி விற்பவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக இல்லை என்று தலையாட்டினார்கள்.

வெள்ளைச்சாமி ஓரெட்டு முன்னால் வந்தார். "வெதையா? என்ன வெதை? இவ வந்தப்போ தகரத்துல வெறுங்கரிதான் இருந்துச்சு. வெதையுமில்ல ஒண்ணுமில்ல. கண்டிச்சீமை மரம்ங்கிறதே அப்பறமா யாரோ கெளப்பிவிட்ட கதை."

அம்பலத்தின் மீசை அசைந்தது. "கதையா? அப்படின்னா எங்க வீட்டுல இத்தன வருஷமா என்கிட்டச் சொன்னதெல்லாம் கதையா? ஒம்பொண்டாட்டி கிணத்தடியில சொல்லித்தான் அவளுக்கே தெரியும். தகரம் நெறைய வெதை வந்துச்சு, சாம்பல்ல பெரட்டினேன், ஓட்டுமேல காயவச்சேன்னு. அந்தம்மா பொய்யா சொன்னாங்க?"

எல்லோரும் வாழைப்பக்கம் திரும்பினார்கள். சொர்ணவல்லி புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணால் ஏதோ சொன்னார். அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? முறம் நெறைய இருந்துச்சு வெதை. கழுவினது இந்தக் கை. சாம்பல் பெரட்டினது இந்தக் கை. வீடு வீடா வெதை குடுக்குறவ நான். என்னப் போயிக் கரிக்கும் வெதைக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு இவுக சொல்லுவாகளா?"

"சரி ஆத்தா. மரம் எப்படி வந்துச்சு?" என்றார் அம்பலம்.

"நான் காயவச்சது மொளைக்கல. வாழையடியில கரியோட விழுந்த ஒண்ணு மொளைச்சுச்சு. ஒடஞ்ச பானையில இவதான் எடுத்து வச்சா. தெனமும் பாத்தேனே." கொஞ்சம் நிறுத்தி, "காயவச்சது மொளைக்காததுக்கு நான் பொறுப்பில்ல. அது அந்த வெதையோட குத்தம்" என்றாள்.

கரைச்சரிவு முழுவதும் சிரித்தது. வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். அம்பலம் எழுந்து நின்று சொன்னார். "மரம் மருதாயி வச்சது. எடமும் மருதாயிக்கு. அவளுக்கப்பறம் மகளுக்கு. இதுல பேச்சில்ல."

கூட்டம் கலைந்த பிறகு சொர்ணவல்லி குடிசைப் பக்கம் வந்தாள்.

"ஒனக்காகப் பேசினேன்னு நெனச்சுக்காத."

"தெரியும்க்கா."

"வீட்டுக்குப் போனா அந்த மனுசன் என்கிட்டப் பேசமாட்டாரு."

"இங்கனயே சாப்புட்டுப் போங்க. சேம்பு கொதிக்குது."

சொர்ணவல்லி சாப்பிட்டாள். போகும்போது முந்தானையில் ஒரு பிடி பூவையும் முடிந்துகொண்டாள். வெள்ளைச்சாமி அந்த வருஷம் முழுக்க இரண்டு பெண்களோடும் பேசவில்லை. சில வருஷம் கழித்துச் செவந்தியின் கல்யாணத்துக்கு வந்து, தாய்மாமன் ஸ்தானத்துக்கு ஆளில்லை என்று யாரோ குறைப்பட்டபோது, "பெரியப்பன் நான் இல்லையா" என்று பந்தலுக்குக் கால் நட்டார். மாப்பிள்ளையை மருதாயிதான் பார்த்து முடிவு செய்திருந்தாள். கரையோரத்துக்கே வந்து குடியிருக்கச் சம்மதித்தவனாகப் பார்த்தாள்.

மரம் மாசியில் தவறாமல் பூத்தது. ஊர்ப் பெண்கள் பூவை வாங்கிப்போய்த் துணிப்பெட்டியில் போட்டு வைத்தார்கள். காய்தான் வரவில்லை. இது பூக்க மட்டும் செய்கிற மரம், காய்க்கிற மரம் பக்கத்தில் இருந்தாலும் அதுதான் காய்க்கும் என்று மருதாயி ஆரம்பத்திலேயே கண்டுகொண்டாள். கிளையை ஒடித்து நட்டுப் பார்த்தாள். வேர் விடவில்லை. பிற்காலத்தில் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் அந்த நாற்றுமேடைச் சரிவைப் பற்றி விசாரித்தாள். அந்த இரண்டு மரங்களும் இல்லை என்றார்கள். காட்டுக்குள்ளும் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். அவள் அதைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு வாய்க்காலைக் கொஞ்சம் அதிகமாகவே ஆழப்படுத்தினாள்.

மருதாயி இப்போது இல்லை. கசிவு நிலம் செவந்தியின் பெயரில் பட்டாவாகி, அவள் மகள்கள் இரண்டு பேரும் பிரித்துக்கொள்ளாமல் பயிர் வைக்கிறார்கள். மரம் நிற்கிறது. இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். போன மாசியிலும் பூத்தது. இதுவரை காய்த்ததில்லை.